மூன்று கிராம்

நிஸ்தார் மூழ்கி எடுத்துத் தந்த நிலக்கரி
கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.
பழைய கப்பல்துறைக்குக் கீழே, ஆறு பாகம் ஆழத்தில் கிடந்ததாம்.
எந்தக் கூலியின் கூடையிலிருந்து தவறியதோ,
எந்த நீராவிக் கப்பலின் பசிக்கு வந்ததோ,
நூறு வருஷம் உப்பில் ஊறியும் கரையவில்லை.
ஒரு பக்கம் சிப்பி குடியிருந்தது.
சுரண்டிவிட்டு
ஏழு தண்ணீரில் கழுவினேன்.
எட்டாவது தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன்,
ஆய்வுகூடத்தில் அப்படிச் செய்யக்கூடாது.

மரம் என்னுடையது.
சம்பூரில், நாங்கள் இல்லாத வருஷங்களில்
குசினியின் சீமெந்துத் தரையைப் பிளந்து முளைத்து
கூரை இருந்த உயரத்தைத் தாண்டிய கிளிசரியா.
ஒரு கொப்பை வெட்டிச் சாக்கில் சுற்றி
மூதூர் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.
விறகுக்கும் அரை டிக்கெட் எடுங்கள் என்றான் கண்டக்டர்.
சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன்:
நிலக்கரி வேண்டாம் என்று
மட்டையில் எழுதித் தெருவில் பிடித்த கை இது.
அனல்மின் நிலையம் வரவில்லை.
எனக்கு இந்த வேலை வந்தது.
அதே கை இப்போது
இரும்புரலில் நிலக்கரி இடிக்கிறது,
மாவரிபோல் அரிக்கிறது.
நகக்கண்ணில் ஏறிய கறுப்பு
எந்தச் சவர்க்காரத்துக்கும் இறங்குவதில்லை.
சோறு பிசையும்போது நான் பார்ப்பேன்,
பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்காத மாதிரி இருப்பார்கள்.

பாதிக்குப் பாதி.
ஐம்பது கிராம் மரம், ஐம்பது கிராம் நிலக்கரி.
குழாய்க்குள் நைட்ரஜன் மட்டும்.
எரியவிடக்கூடாது,
எரிந்திருக்கலாமே என்று ஏங்கும் அளவுக்குச் சூடு,
அவ்வளவுதான்.

முந்நூறு பாகைக்கு முன்பே மரம் வாய்திறந்துவிட்டது:
புளித்த புகை, பிறகு தார்,
தண்ணீர்ப் போத்தலில் குமிழி மேல் குமிழி.
சூடு பட்டால் முதலில் பேசுவது எப்போதும் இளசுதான்.
நானூறு வரை நிலக்கரி அசையவில்லை.
அதன் பிறகுதான் இளகியது,
உருகிய வெல்லம்போல,
யாரும் பார்க்காத இருட்டில்.

அறுநூறு. ஒரு மணித்தியாலம் பிடித்து வைத்தேன்.
ஆறவிட்டு நிறுத்தேன்.

தனி மரம் நூறு கிராம் வைத்தால் இருபத்தாறு மிஞ்சும்.
தனி நிலக்கரி, அறுபத்தெட்டு.
பாதியும் பாதியுமாய் நாற்பத்தேழு வரவேண்டும்.
தராசு ஐம்பது என்றது.

தராசைப் பார் என்றார் கலாநிதி யோகேந்திரா.
பார்த்தேன். தராசில் பிழையில்லை.
இரண்டாம் முறை நானூற்றி எண்பதில் கரண்ட் போனது,
அரைவேக்காட்டைக் கொட்டிவிட்டுக்
குழாய் உரசினேன், மூன்று மணி நேரம்.
மூன்றாம் முறை, ஐம்பது.
நாலாம் முறை, ஐம்பது புள்ளி ஒன்று.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
வெளியே கோணேசபுரிக் கடல்,
ஒரு கணக்கும் கேட்காமல் அடித்துக்கொண்டிருந்தது.

நுணுக்குக்காட்டியில் வைத்தேன்.
கருகியும் மரம் மரமாகவே இருந்தது,
நீர் ஏறிய குழாய்கள் ஒவ்வொன்றும் வட்டம் குலையாமல்.
அந்த வட்டங்களுக்குள்
இளகி ஓடி உறைந்திருந்தது நிலக்கரி,
இத்தனை கோடி வருஷத்துக்குப் பிறகு
மறுபடி ஒரு மரத்துக்குள்.
போக வேண்டிய ஆவி போகும் வழியில் மாட்டி
அங்கேயே கரியாய்ப் படிந்ததாக இருக்கலாம்.
எது எதைப் பிடித்து வைத்தது என்று
ஊசி முனையால் பிரித்துப் பார்த்தேன்.
பிரியவில்லை. ஊசி வளைந்தது.

படிவத்தில் ‘இழப்பு’ என்று ஒரு கட்டம் இருக்கிறது.
போகாமல் நின்றதை எழுதக் கட்டம் இல்லை.
ஓரத்தில், பென்சிலால், மூன்று கிராம் என்று எழுதினேன்.

அன்றிரவு நிஸ்தார் போன் எடுத்தான்.
என்ன ஆச்சு நம்ம கரி?
உன்னுடையது எது, என்னுடையது எது என்று தெரியவில்லை என்றேன்.
அது கிடக்கட்டும், எதுக்கு உதவும்?
கிணற்றுத் தண்ணீர் வடிக்கலாம் என்கிறார்கள்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு சொன்னான்:
அடியில இன்னும் கிடக்கு,
ஆனா இனிக் கிலோவுக்கு
முன்ன சொன்ன விலை இல்ல.